கண்ணில்லாத செவி

அத்தியாயம் 8

சேர்வராயன் மலை மேலிருந்த ஆஸ்பத்திரியின் வாசல் பலகையைச் சிவசக்தி நின்று படித்தாள். ‘நீங்கள் பேசுங்கள், எங்கள் செவி கேட்கும்’ என்று தங்க எழுத்தில் பொறித்து, பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு காதை வரைந்து வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்தால் பினாயில் வாடை. அதை அமுக்க அடித்த ரோஜா வாசனை. இரண்டும் சேர்ந்து உண்டான மூன்றாவது நாற்றம். புதன்கிழமை ஒரு மனிதன் மூச்சு முட்டிச் செத்த இடம் இது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ரிசப்ஷனில் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது.

“இந்தக் காதுல அழுக்கு எடுக்கறதுன்னா மண்வெட்டிதான் வேணும்க்கா” என்றான் டோமினிக். சிவசக்தி சேலத்தில் துப்பறியும் தொழிலுக்குப் பலகை மாட்டிய நாளிலிருந்து அவன்தான் உதவியாளன், டிரைவர், வாய்க்கு வாய் பதில் சொல்லி உயிரை எடுப்பவன். மற்ற நாளாயிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

செவி என்பது அந்த ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த சாமான். டாக்டர் மேஜை மேல் சோப்பு டப்பா அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டு, என்ன உபாதை, எந்த மருந்து ஆகாது, டாக்டர் என்ன சொன்னார் என்று பிரித்துக் கம்ப்யூட்டரில் உள்ள நோயாளியின் பக்கத்தில் தானாகவே எழுதிவிடும். எழுதி முடித்ததும் குரலை அழித்துவிடும். டாக்டர் பேனாவைத் தொட வேண்டாம், நர்ஸ் கீபோர்டைத் தட்ட வேண்டாம்.

அந்தப் பெட்டிதான் இப்போது ஒரு பெண்ணை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறது.

மாரமங்கலத்து விவசாயி சித்தன், காலில் சீழ் வைத்த காயத்தோடு புதன்கிழமை மத்தியானம் தனியாகப் பஸ் ஏறி வந்தார். நர்ஸ் சுமையா ஊசி அறையில் வைத்து அவருக்கு ஊசி போட்டாள். அந்த ஊசி அவர் உடம்புக்கு ஆகாது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகாது என்பதைச் சித்தனே தன்னிடம் சொன்னார் என்று சுமையா ஒப்புக்கொள்கிறாள். உடனே, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பங்களாவில் இருந்த டாக்டர் சந்திரசேகருக்குப் போன் போட்டாளாம். போடு, ஒன்றும் ஆகாது என்று அவர் போனிலேயே சொல்லிவிட்டாராம். நேரில் வரவே இல்லையாம்.

டாக்டர் சொல்வது வேறு. சுமையா கூப்பிட்டாள், கையைக் கழுவிவிட்டு வந்தேன், சித்தனோடு உட்கார்ந்து பேசினேன், இந்த ஊசி கூடாது என்று சுமையாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனேன், அவள் மீறிப் போட்டுவிட்டாள். டாக்டர் அறையில், செத்துப்போன சித்தனைத் தவிர மூன்றாவது ஆள் யாருமில்லை. நடைபாதையில் இருந்த கேமரா எப்போதோ செத்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்த வெள்ளைப் பெட்டி. அதன் பதிவு, டாக்டர் சொன்னதை வரி பிசகாமல் அப்படியே சொன்னது.

காலையில் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மேகலா கறாராகப் பேசினார். மனுஷன் பொய் சொல்வான், மெஷினுக்கு யார் மேலும் பகை கிடையாது, சாயங்காலம் வரை பார்ப்பேன், அப்புறம் பெண்ணை ரிமாண்டுக்குச் சேலம் அனுப்பிவிடுவேன் என்றார். சுமையாவின் அத்தா சாதிக் பாஷா, ஏரிக்கரையில் காப்பித்தூளும் மிளகும் விற்பவர், தானே சேலத்திலிருந்து வரவழைத்த சிவசக்தியின் காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, கதவைப் பிடித்துக்கொண்டார்.

“செவிலிக்கு ஜெயிலு, செவிக்குச் சாட்சிக் கூண்டு. ஒரே ஒரு எழுத்துதாங்க்கா வித்தியாசம்” என்றான் டோமினிக்.

ரிசப்ஷன் பெண் சித்தனின் பக்கத்தைத் திரையில் எடுத்துக் காட்டினாள். சிவசக்தி குனிந்து படித்தாள். காலில் காயம், சீழ். முன்பு ஒருமுறை இதே ஊசிக்கு உடம்பு வீங்கியது. ஊசி கூடாதென டாக்டர் நர்ஸிடம் கூறினார். எல்லாம் சுத்தமாக, அடுக்காக இருந்தது. நடுவில் ஒரு வரி மட்டும் ஒட்டாமல் நின்றது. ‘கண்: உபாதை உண்டு.’

காலில் காயத்தோடு வந்தவருக்குக் கண்ணில் என்ன உபாதை என்று கேட்டதும், ரிசப்ஷன் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரித்ததற்குப் பயந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கதையைச் சொன்னாள்.

டாக்டர் சந்திரசேகர் யாரைப் பார்த்தாலும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார். மடியில் இருக்கும் குழந்தையும் கண்ணு, பல்லில்லாத கிழவரும் கண்ணு. என்ன கண்ணு பண்ணுது, எங்க கண்ணு வலிக்குது. சேலத்துக்காரர்களுக்கு அது வாயோடு பிறந்தது. செவிக்கு அது தெரியவில்லை. டாக்டர் எத்தனை முறை பாசம் காட்டினாரோ அத்தனை பேருக்கும் கண் நோய் என்று எழுதிவிட்டது. மாதக் கணக்கைப் பார்த்த யாரோ ஒரு பெரிய மனிதர், சேர்வராயன் மலை முழுக்கக் கண் நோய் பரவிவிட்டது என்று பதறிப் போய், போன ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வேன் வேனாகக் கண் டாக்டர்களை அனுப்பி வைத்தார். தலைச்சோலை, மாரமங்கலம் என்று ஊர் ஊராக ஆட்களை ஏற்றி வந்து சோதித்தால், வந்தவர்கள் எல்லோரும் மலை மேல் நின்றபடியே அடிவாரத்து பஸ்ஸின் போர்டைப் படிக்கக்கூடியவர்களாக இருந்தார்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் பாருங்கள் என்று அவள் போன மாதத்துப் பக்கங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினாள். இருமல் குழந்தைக்குக் கண் உபாதை. முட்டி வலிப் பாட்டிக்குக் கண் உபாதை. வயிற்றில் பிள்ளையோடு வந்தவளுக்கும் அதுவே.

டோமினிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிவசக்தி சிரிக்கவில்லை. அவள் சித்தனின் பக்கத்தையே மறுபடி படித்தாள்.

அந்த வரி டாக்டர் வாயால் கண்ணு என்று கூப்பிட்டால் மட்டும்தான் விழும். சித்தனின் பக்கத்தில் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் அவர் அந்த அறையில் உட்கார்ந்து சித்தனோடு பேசியிருக்கிறார். வரவே இல்லை என்று சுமையா சொன்னது பொய். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அந்தப் பெண் சொன்னதை அப்படியே நம்பியதை நினைத்து, சிவசக்திக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

“ஏங்க்கா, பாய்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?” என்றான் டோமினிக், வெளியே வந்ததும்.

“மொதல்ல ஒரு டீ குடிக்கலாம்.”

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் கூட்டமில்லை. மூலையில் ஒரு இளைஞன், கழுத்தில் கம்பெனி அட்டையும் காலடியில் பெரிய பையுமாக, சேலம் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தான். அட்டையில் அதே காதுப் படம். பெயர் ஆசிர் என்று போட்டிருந்தது. செவியைப் பொருத்திப் பராமரிக்கும் கம்பெனியின் இன்ஜினியர்.

சிவசக்தி எதுவும் கேட்கும் நிலையில் இல்லை. டோமினிக்குத்தான் நாக்கு அரித்தது. அவன் டீ கிளாஸோடு போய் ஆசிருக்கு எதிரே உட்கார்ந்தான்.

“தம்பி, எங்க சித்தப்பா காது வலின்னு போனாருங்க. உங்க பொட்டி கண்ணு வலின்னு எழுதிப்போட்டுது. இப்ப மனுசனுக்குக் காதுல மருந்த விடறதா, கண்ணுல விடறதான்னு ஊட்டுல சண்டை.”

ஆசிரின் முகம் சிவந்துவிட்டது. ஊரே தன்னைக் கேலி பேசுவதாக நினைத்துக்கொண்டவன் போலச் சொன்னான்: “அது பழைய கதை சார். செவ்வாய்க்கிழமை காலையிலேயே சரி பண்ணிட்டேன். இப்போ அந்த டாக்டர் பேச்சுல கண்ணுங்கிற சங்கதியே பதிவாகாது.”

சிவசக்தி டீ கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பதிவாகாதுன்னா?”

அவன் பெருமையோடு விளக்கினான். எந்தக் கண்ணு பாசம், எந்தக் கண்ணு முகத்தில் இருப்பது என்று பெட்டிக்குக் கற்றுக் கொடுக்க மாதக் கணக்காகும். ஆஸ்பத்திரி மேனேஜரோ, வேனில் வந்த கண் டாக்டர்கள் முன்னால் மானம் போன எரிச்சலில், இன்றைக்கே முடி என்று கழுத்தைப் பிடித்தார். அதனால் அவன் சுருக்கு வழி ஒன்று பார்த்தான். டாக்டர் சந்திரசேகரின் அறையில் கண்ணைப் பற்றி என்ன காதில் விழுந்தாலும் அதைத் தூக்கி எறிந்துவிடு என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். பிரச்சினை தீர்ந்தது.

“நெசமாலுமே கண்ணு தெரியாம ஒருத்தர் வந்தா?” என்று கேட்டாள் சிவசக்தி.

ஆசிர் டீயைப் பார்த்தான். “டாக்டர் வேணும்னா கையால டைப் பண்ணிக்கலாம் மேடம். அந்த வழி திறந்துதான் இருக்கு.”

இவ்வளவு சுலபமாக இவர்களால் ஒரு மலையின் கண்களைப் பிடுங்கி எறிய முடிகிறதே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்பு அடங்கும் முன்பே, அவன் சொன்னதன் இன்னொரு பாதி அவளுக்கு உறைத்தது. செவ்வாய்க்கிழமை அடைத்தாயிற்று. சித்தன் வந்தது புதன்கிழமை.

“கையால அடிச்சதுக்கும் பொட்டி எழுதுனதுக்கும் பாத்தா வித்தியாசம் தெரியுமா?”

தெரியாது என்றான். பிரித்துக் காட்ட ஒரு வசதி உண்டு, ஆனால் இந்த ஆஸ்பத்திரி அது வேண்டாம் என்று சொல்லிவிட்டது. டாக்டருக்கு இந்த மாற்றம் தெரியுமா என்றதற்கு, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மேனேஜர் தடுத்துவிட்டாராம். அவர் ஆஸ்பத்திரியில் பங்குதாரர், முன்கோபி. உங்கள் கண்ணுவை வெட்டிவிட்டோம் என்று அவர் முகத்துக்கு நேரே போய் யார் சொல்வது? எப்படியும் அவர் எந்தப் பக்கத்தையும் படிப்பதில்லை. பார்க்காமலே ஒப்புதல் பட்டனை அமுக்குபவர்.

டோமினிக் ஆசிரின் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான். “பஸ்ஸு எங்கீம் போவாது தம்பி. நீங்க வாங்க.”

போன மாதத்துப் பக்கங்களைக் காட்டிச் சிரிப்பு மூட்டிய அந்த ரிசப்ஷன் பெண்ணை நம்பி, புதன்கிழமைப் பக்கங்களைத் தான் புரட்டாமல் விட்டதை நினைத்துச் சிவசக்தி வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் டாக்டரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். ஜன்னலோரம் இன்ஸ்பெக்டர் மேகலா. கதவருகே, பெண் கான்ஸ்டபிள் கையைப் பிடித்திருக்க, சுமையா. கம்ப்யூட்டர் முன்னால் ஆசிர். டாக்டர் சந்திரசேகர் தலை நிறைய எண்ணெய் வைத்துப் படிய வாரி, முகத்தில் பவுடரோடு, கல்யாண வீட்டில் வரவேற்பில் நிற்பவர் போல எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

சிவசக்தி பணிவாக ஆரம்பித்தாள். ரெக்கார்டு டாக்டர் சொன்னபடியேதான் இருக்கிறது, தனக்கு ஒரே ஒரு சந்தேகம், கால் காயத்துக்கு வந்தவருக்குக் கண் உபாதை எப்படி வந்தது என்றாள். டாக்டர் வாய் விட்டுச் சிரித்தார்.

“கண்ணுன்னு கூப்புடாம எனக்கு வாயே தொறக்காதுங்க. இந்தப் பொட்டி அதைத் தப்பா எழுதிப்போடும், ஊருக்கே தெரியும். ஆனா ஒண்ணு பாருங்க, அதுதான் என்ற கையெழுத்து. சித்தன் பக்கத்துல கண்ணு இருக்குதில்லீங்க? அப்ப நான் அங்க உக்காந்து பேசுனேனா இல்லியா, நீங்களே சொல்லுங்க.”

இன்ஸ்பெக்டர் மேகலா தலையாட்டினார். சுமையா தரையைப் பார்த்தாள்.

அந்தக் கையெழுத்தை ஒருமுறை இன்ஸ்பெக்டருக்குப் போட்டுக் காட்டினால் விஷயம் முடிந்துவிடும் என்றாள் சிவசக்தி. டாக்டர் தாராளமாகச் சம்மதித்தார். டோமினிக் முனகிக்கொண்டே வந்து நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தான்.

“என்ன கண்ணு பண்ணுது?”

“இடுப்பு வலிங்க டாக்டர். எங்கக்கா கார் நின்னு நின்னு போவுதுங்க, நாந்தான் தள்ளறேன்.”

“எத்தனை நாளா கண்ணு? இங்க அமுக்கினா வலிக்குதா கண்ணு? வெயிட்டுத் தூக்காத கண்ணு” என்று டாக்டர் பெட்டியைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கவே சொன்னார். பிறகு பெருமையோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

ஆசிர் திரையை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பினான். இடுப்பு வலி. காரணம், அக்காவின் காரைத் தள்ளுவது. பாரம் தூக்கக் கூடாதென டாக்டர் கூறினார். கண் என்ற இடம் காலியாகக் கிடந்தது.

டாக்டர் எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தார். மெஷின் ரிப்பேர் என்றார். ரிப்பேர் இல்லை என்று ஆசிர் செவ்வாய்க்கிழமைக் கதையைச் சொன்னான். சொல்லி முடித்ததும், யாரும் கேட்காமலே இன்ஸ்பெக்டர் மேகலா அவன் கையிலிருந்த மவுஸை வாங்கி, புதன்கிழமை வந்த நோயாளிகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாவற்றிலும் கண் காலி. சித்தனின் பக்கத்தில் மட்டும், உபாதை உண்டு.

“பொட்டி இதை எழுதியிருக்க முடியாதுங்க மேடம்” என்றாள் சிவசக்தி இன்ஸ்பெக்டரிடம். “ஆரோ கையால அடிச்சிருக்காங்க. மேனேஜரா இருந்தா கண்ணையே தொட்டிருக்க மாட்டாரு, அடைக்கச் சொன்னதே அவருதான். இந்தப் புள்ள, தானே தன்னைக் கொலைகாரின்னு எழுதிக்க மாட்டா. அசலாட்டம் தெரியோணும்னு பாத்துப் பாத்துக் கண்ணைச் சேத்தவரு, அதை அடைச்சாச்சுன்னு தெரியாதவரு, ஒருத்தர்தான்.”

டாக்டர் சத்தம் போடுவார் என்று சிவசக்தி எதிர்பார்த்தாள். போடவில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் மேஜை விளிம்பைத் துடைத்தபடி காரணங்கள் சொல்ல ஆரம்பித்தார். சேலத்திலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். இலையில் கை வைத்த நேரம். கால் காயத்துக்கு எல்லோருக்கும் போடுகிற ஊசி. மலையாட்கள் எதற்கெடுத்தாலும் ஆகாது ஆகாது என்பார்கள், ஒவ்வொரு போனுக்கும் எழுந்து ஓடினால் ஒரு வாய் சோறு தின்ன முடியுமா. எல்லாம் முடிந்த பிறகு அவர் எப்படித் தனியாக உட்கார்ந்து, செத்தவர் வாயில் வார்த்தையை வைத்து, அதற்குத் தானே பதில் எழுதி, நடுவில் கொஞ்சம் பாசத்தையும் தூவியிருப்பார் என்பதைச் சிவசக்தியால் பார்க்க முடிந்தது.

பிறகு அவர் கதவுப் பக்கம் திரும்பினார்.

“சுமையா கண்ணு, நீயாச்சும் எடுத்துச் சொல்லு. உன்னை நான் பெத்த புள்ளையாட்டந்தானே வெச்சிருந்தேன்.”

அந்தக் குரலில் நடுக்கமே இல்லை. அது நிஜமாகவே பாசம் போலத்தான் ஒலித்தது. சிவசக்திக்குக் காதைக் கழுவ வேண்டும் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் மேகலா, சுமையாவை விடச் சொல்லிக் கான்ஸ்டபிளுக்குச் சைகை காட்டிவிட்டு, டாக்டரின் போனைக் கேட்டு வாங்கினார்.

வெளியே சாதிக் பாஷா காத்திருந்தார். மகளின் தலையில் கை வைத்து, வாம்மா, ஊட்டுக்குப் போலாம் என்று அழைத்தார். சுமையா அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டு நடைபாதையில் நடந்தாள். அங்கே பெஞ்சில் சித்தனின் மனைவி ஆராயி, சாவுச் சான்றிதழுக்காகக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே கிடந்ததால் உள்ளே நடந்ததில் முக்கால்வாசி அவள் காதில் விழுந்திருந்தது. புருஷனைக் கொன்றவள் என்று இத்தனை நேரம் நினைத்திருந்த பெண் வந்து முன்னால் நின்றதும், ஆராயி பக்கத்திலிருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார இடம் விட்டாள்.

“எனக்கு ஒண்ணுதான் சாமி மனசுல கெடந்து அறுக்குது” என்றாள் ஆராயி. “போன தடவ ஒடம்பு வீங்குனத எங்கூட்டுக்காரரு ஆருகிட்டயும் சொல்லாமயே கைய நீட்டிப்போட்டாரா?”

சிவசக்தி சுமையாவைப் பார்த்தாள். சட்டம் இனி இந்தப் பெண்ணைத் தொடாது. பேசாமல் இருந்துவிட்டால்கூட யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை.

“சொன்னாருங்க” என்றாள் சுமையா, உட்காராமல் நின்றபடியே. “எங்கிட்டத்தான் சொன்னாரு. நொம்பப் பயந்து, வேண்டாம் புள்ளேன்னு சொன்னாரு. டாக்டர் போடுன்னாரு. நாம் போட்டேனுங்க.”

ஆராயி அவள் கைகளைப் பார்த்தாள். பிறகு துணிப்பையை மடியிலிருந்து எடுத்து, பெஞ்சில் சுமையாவுக்கென்று தான் விட்ட இடத்தில் திரும்ப வைத்துவிட்டாள்.